தினமும் தண்ணீர் ஊற்றினேன், அம்மா

எஸ்போ, பின்லாந்து
பிப்ரவரி 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அப்பா சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று தம்பியை எழுதச் சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், "மூணு கறிவேப்பிலைக் கன்னு வச்சிருந்தியே, ரெண்டுதானே தெரியுது" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஒன்று செத்துப்போய்விட்டது அம்மா. தண்ணீர் இல்லாமல் இல்லை, அளவுக்கு மீறி ஊற்றியதால். போனில் சொன்னால் "விடுடி, வேற வச்சுக்கலாம்" என்று நீ முடித்துவிடுவாய். எனக்கு முழுவதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே கடையில் கறிவேப்பிலை எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதி கறுத்திருக்கும். நாமக்கல்கார அக்கா ஒருவர் விதை போட்டு முளைக்கவைத்து, செப்டம்பரில் மூன்று கன்றுகள் கொடுத்தார். ஒவ்வொன்றும் என் விரல் நீளம். வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்த அன்றே முடிவு செய்துவிட்டேன், உன்னைப் போலவே வளர்க்க வேண்டும் என்று. நீ வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் மீதித் தண்ணீரைத் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுவாயே, அதேபோல் நானும் தினமும் காலையில் ஒரு டம்ளர்.

அக்டோபர் வரை ஒன்றும் தெரியவில்லை. நவம்பரில் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. பிறகு கொழுந்தே தலை தொங்கியது. பார்த்தால் தாகத்தில் வாடியதுபோலவே இருந்தது அம்மா. ஜன்னலுக்குக் கீழே சுவரோடு வெந்நீர் ஓடும் ஹீட்டர் இருக்கிறது, வீட்டுக் காற்று அப்பளம்போல் காய்ந்து கிடக்கும். அந்தச் சூட்டில்தான் வாடுகிறது என்று நினைத்து இரண்டு வேளை ஊற்ற ஆரம்பித்தேன். நான் ஊற்ற ஊற்ற அது இன்னும் தொங்கியது. கறுப்பாகச் சின்னச் சின்னக் கொசுமாதிரிப் பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பின. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, ஒரு கன்று தண்டோடு சாய்ந்து கிடந்தது. மண்ணை ஒட்டிய கழுத்து மட்டும் பழுப்பாகி, விரலால் தொட்டால் கூழாக இருந்தது. அப்பாவுக்குச் சொன்னால் உடனே தெரிந்திருக்கும். மிளகாய் நாற்றங்காலில் வருமே நாற்றழுகல், அதேதான். நாற்று விடும்போது அவர் மேட்டுப்பாத்தி போட்டு, தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுப்பது எதற்கு என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை.

அன்று மாலை எதிர்வீட்டு அம்மா ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி கொண்டுவந்தார். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது, தனியாக இருக்கிறார். வீடு முழுக்கச் செடி. என் கன்றுகளைப் பார்த்தவர், இலையைத் தொடவில்லை, மண்ணையும் தொடவில்லை. நேராகத் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். "கனமாக இருக்கிறது" என்றார், அவ்வளவுதான். பிறகு உள்தொட்டியை வெளித்தொட்டியிலிருந்து உருவினார். அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நின்றது. இந்த ஊரில் செடி இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை, அழகுக்காக, ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். நான் ஊற்றியதெல்லாம் வடிந்து அதற்குள் நின்றிருக்கிறது. வேர் இரண்டு மாதமாக அதில் ஊறிக் கிடந்திருக்கிறது. மண்ணை முகர்ந்து பார்க்கச் சொன்னார். உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்ட மறந்து இரண்டு நாள் வைத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை.

வாடின இலையைப் பார்த்து முடிவு செய்யாதே என்று அவர் சொன்னதை அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். வேருக்கும் மூச்சு வேண்டும் அம்மா. மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் காற்று இருக்கும், அதிலிருந்துதான் வேர் பிராணவாயு எடுக்கிறது. அந்தச் சந்தெல்லாம் தண்ணீரால் அடைத்துக்கொண்டால் வேர் திணறுகிறது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் பிராணவாயு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சு விடாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு இலை தாகத்தில் வாடுகிறது. நான் அதைப் பார்த்து இன்னும் ஊற்றியிருக்கிறேன். நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

"அப்ப நெல்லு மட்டும் எப்படித் தண்ணியில நிக்குது" என்று நீ கேட்பாய். நெல்லின் தண்டுக்கும் வேருக்கும் உள்ளே குழாய்போல் காற்றறைகள் இருக்கின்றன. இலை எடுக்கும் காற்று அதன் வழியாக வேர்வரை இறங்கும். கறிவேப்பிலைக்கு அந்த வசதி இல்லை.

நம் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்துக்குத் தினம் எத்தனை வாளித் தண்ணீர் போகிறது, அது செழிப்பாகத்தானே இருக்கிறது என்றும் தோன்றும். அங்கே தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடுகிறது, மேலே வெயில் இழுத்துக்கொள்கிறது. மார்கழியிலும் நம் ஊரில் பகல் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே டிசம்பர் 21 அன்று ஆறு மணி நேரம்கூட இல்லை. நடுப்பகலில்கூடச் சூரியன் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டி ஏறுவதில்லை. வெளிச்சம் இல்லாதபோது செடி வளராது, வளராத செடி குடிக்காது. அங்கே ஒரு நாளில் காய்கிற தொட்டி இங்கே இரண்டு வாரம் ஆனாலும் ஈரமாக இருக்கிறது. மண்ணும் வேறு. பைகளில் விற்பது பெரும்பாலும் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுத்த கரி மண். பஞ்சுபோல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடவே விடாது. நம் செம்மண்போல் வடியாது.

குழாய்த் தண்ணீர் இன்னொரு விஷயம். பையென்னே என்ற ஏரியிலிருந்து பாறைக்குள் 120 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி இந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கொண்டுவருகிறார்கள். 1982இல் முடித்த வேலை. குடித்தால் அப்படியொரு ருசி. ஆனால் குழாயில் பிடித்த உடனே கையில் பட்டால் விறைக்கும். அதை அப்படியே வெப்பநாட்டுச் செடியின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்போது முந்தின இரவே ஜாடியில் பிடித்து வைத்துவிடுகிறேன்.

மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று மோசமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு அம்மா கூடவே இருக்க, தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் வேரை அலசினேன். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகினது பழுப்பாக இருக்கும், இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நிற்கும். பாதிக்குமேல் அப்படித்தான். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் அழுகினதையெல்லாம் வெட்டினோம். வேர் குறைந்துவிட்டதால் அதற்கு ஏற்றமாதிரி மேலே கொழுந்தையும் கிள்ளச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை, அவர்தான் கிள்ளினார்.

பிறகு தொட்டி. பெரிய தொட்டியில் வைத்தால் வேர் தாராளமாக ஓடும் என்று நான் நினைத்தேன். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகவைக்கும் என்றார். அதனால் 8 சென்டிமீட்டர் மண்தொட்டி. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் காயும். கரி மண் ஒரு பங்கு, பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிக்கல் ஒரு பங்கு, கொஞ்சம் பருமணல். அடியில் போட நான் கூழாங்கல் தேடியபோது வேண்டாம் என்றார். கல் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடாது, கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே ஈரம் தங்கிவிடும், வேருக்கு இன்னும் கிட்டத்தில் என்று. உன் முறையில் துளைமேல் ஒரே ஒரு ஓட்டுச்சில்லு வைப்பாயே, மண் ஒழுகாமலிருக்க, அது சரிதான். ஒரு முறை நனைத்தோம். உரம் எதுவும் இல்லை. காயம்பட்ட வேருக்கு உரம் எரிச்சல்தான் தரும், புதுத் தளிர் வந்த பிறகு பார்க்கலாம் என்றார்.

இன்னொரு கன்றுக்கு அவ்வளவு வேலை இல்லை. வேர் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தது. வெளித்தொட்டியை எடுத்துப்போட்டு, ஒரு குச்சியால் மண்ணில் அங்கங்கே துளை போட்டுக் காயவிட்டேன். பயத்தில் நான் மறுகோடிக்குப் போய்விட்டேன், மூன்று வாரம் சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. கரி மண் ஒரேயடியாகக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. ஊற்றினது ஓரமாக வழிந்து கீழே ஓடியது. தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் தொட்டியை உட்காரவைத்த பிறகுதான் மண் குடித்தது. அப்போது வாடின இலையைத் தொட்டுப் பார்த்தேன். நொறுங்கியது. தண்ணீர் மிஞ்சினால் இலை மெத்தென்று மஞ்சளாகத் தொங்கும், தண்ணீர் இல்லாவிட்டால் ஓரம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். இந்த இரண்டையும் என் விரலுக்குப் பழக்க ஒரு பனிக்காலம் ஆகியிருக்கிறது.

அந்தக் கறுப்புப் பூச்சிக்கு மருந்து அடிக்கவில்லை. அதன் புழு மேல்மண்ணின் ஈரத்தில்தான் இருக்குமாம். மேலே இரண்டு விரற்கடை காயும்வரை விட்டு, பக்கத்தில் பசை தடவிய மஞ்சள் அட்டை வைத்தேன். ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். நாள் பார்த்து ஊற்றுவதில்லை. சமையல் தராசில் தொட்டியை வைக்கிறேன். நன்றாக நனைத்து வடியவிட்டால் சின்னத் தொட்டி 520 கிராம். 380க்கு இறங்கினால்தான் ஊற்றுவேன். டிசம்பரில் அதற்குப் பதினாறு நாள் ஆனது. இப்போது பகல் எட்டரை மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, விளக்கும் பன்னிரண்டு மணி நேரம் போடுகிறேன், பத்து நாளில் இறங்கிவிடுகிறது. தராசு இல்லாவிட்டாலும் தெரியும் அம்மா. மண்தொட்டியை விரல் முட்டியால் தட்டினால், ஈரமாக இருந்தால் தொப்பென்று சத்தம் அமுங்கும், காய்ந்திருந்தால் டங்கென்று கேட்கும். நீ சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பது நினைவுக்கு வரும்.

காலையில் எழுந்ததும் டம்ளரோடு ஜன்னலுக்குப் போகும் பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை. போய் நிற்கிறேன், தட்டிப் பார்க்கிறேன், டம்ளர் தண்ணீரை நானே குடித்துவிட்டு வருகிறேன்.

வேர் வெட்டின கன்றில் கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு தளிர் வந்திருக்கிறது. எள் அளவுதான். முகர்ந்தால் நம் வீட்டு ரச வாசனை வருகிறது. இன்று காலை எடை 410. வெள்ளிக்கிழமை வாக்கில் ஊற்றுவேன் என்று நினைக்கிறேன். இலை விரிந்ததும் படம் அனுப்புகிறேன். அப்பாவிடம் நாற்றழுகல் விஷயத்தைச் சொல், அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

இப்படிக்கு,
உன் மகள்