காரணம் சொல்லி மறுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களே,

புதிய கோப்பு வடிவத்தோடு நம் குறிப்பேட்டு மென்பொருளின் அடுத்த பதிப்பு வெளிவந்துவிட்டது. வெளியீட்டுக் குறிப்பில் நிரல் எழுதியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பதிப்பு இப்படி அமையக் காரணமான பலர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. அவர்கள் விவாதித்தார்கள், அதுவும் எல்லோரும் பார்க்கும்படி, காரணம் சொல்லி, பொறுமையாக. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி முன்மொழிவை எழுதியவருக்கு. முழு நிரலையும் எழுதி முடித்துக் கொண்டுவந்து, "சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கேட்டிருக்கலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த நிலையில் யாராவது குறை சொன்னால், இத்தனை நாள் உழைப்பைத் தூக்கிப்போடச் சொல்கிறார்களே என்றுதான் தோன்றும். இவரோ நிரலில் கைவைக்கும் முன்பே என்ன செய்யப்போகிறார், ஏன் செய்யப்போகிறார், எது உடையலாம் என்று எழுதிவைத்துவிட்டு மற்றவர்கள் பேசக் காத்திருந்தார்.

அந்த முன்மொழிவில் ஒரு வரி இருந்தது: பழைய கோப்பை முதல்முறை திறக்கும்போதே புதிய வடிவத்துக்கு மாற்றிவிடலாம். எங்கள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. அப்போது, அதுவரை எதுவுமே பேசியிராத ஒரு பயனர் கேட்டார்: "என் குறிப்புகளை ஒரே கோப்புறையில் வைத்து இரண்டு கணினிகளில் பயன்படுத்துகிறேன். ஒன்றில் பழைய பதிப்பு மட்டும்தான் ஓடும். புதியதில் ஒருமுறை திறந்துவிட்டால், அந்தக் கணினியில் என் குறிப்புகள் திறக்குமா?"

திறக்காது. மாற்றியதைத் திரும்பப் பெறவும் வழி இருந்திருக்காது. இன்று புதிய பதிப்பு இரண்டு வடிவங்களையும் படிக்கிறது. நீங்கள் சொல்லும்வரை பழைய வடிவத்திலேயே எழுதுகிறது. மாற்றச் சொன்னால், பழைய கோப்பின் நகலைப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத்தான் மாற்றுகிறது. மூன்றுமே அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவை. "இதைக் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று அவர் தயங்கியிருந்தால், எத்தனையோ பேர் தங்கள் குறிப்புகளைத் திறக்க முடியாமல் நின்றிருப்பார்கள். நண்பரே, உங்களுக்குத் தனி நன்றி.

கேள்வி வந்தால் மட்டும் போதாது, அதை முழுதாக எடுத்துப் பேச ஆட்களும் வேண்டும். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்தச் சில நிரல் வரிகள் நீக்கப்பட்டன. செய்யலாமா என்று முன்கூட்டியே கேட்கவும் கேட்டார்கள். ஆனால் வந்த பதில்கள் குறைவு. பிழை தேடுவதற்காகக் கேட்கிறார்களா, எல்லோருக்கும் வெளியிடப்போகிறார்களா என்பதும் தெளிவாகவில்லை. விளைவு, அந்தத் தொகுப்பு இருந்த கணினிகளில் உருவான மறையாக்கத் திறவுகோல்கள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன. ஒரு வகைக் கணினியில், ஒரு நீளத்துக்குச் சாத்தியமான திறவுகோல்கள் சுமார் 32 ஆயிரம்தான். 2008 மே மாதம் வரை அது வெளியே தெரியவில்லை. இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்து "எதற்காக இதை நீக்குகிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. நம் விவாதத்தில் அப்படி விடாமல் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதையே கேட்கிறார்களே என்று சிலருக்குச் சலிப்பு வந்தது எனக்குத் தெரியும். தயவுசெய்து கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், தோற்ற தரப்புக்கு. ஒவ்வொரு குறிப்பும் எளிய உரைக்கோப்பாகவே இருக்கட்டும், நம் மென்பொருளே இல்லாமல் போனாலும் எதிலும் திறந்து படிக்கலாம் என்று ஒருவர் கடைசிவரை வாதிட்டார். நல்ல வாதம். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேமிக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம்தான் தேர்வானது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலும் கோப்பு அரைகுறையாகச் சிதையாது, தேடலும் வேகம் என்பவை காரணங்கள். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014-இல் ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணத்தை வெளியிட்டது. எழுப்பப்பட்ட எல்லாச் சிக்கல்களுக்கும் பதில் கிடைத்திருக்க வேண்டும், எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்பதில்லை, அதுதான் ஒத்த முடிவு என்கிறது அது. தலைகளை எண்ணுவதை அது நம்புவதில்லை. ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் ஒத்த முடிவு வரலாம் என்றுகூட அதில் ஒரு பகுதி இருக்கிறது. அந்த நண்பரின் கவலைக்கு நாங்கள் தந்த பதில், எல்லாக் குறிப்புகளையும் எளிய உரையாக வெளியே எடுக்கும் கட்டளை. முடிவு தனக்கு எதிராகப் போன பிறகும், அந்தக் கட்டளையை உட்கார்ந்து சோதித்து, நீளமான தலைப்புகளில் அது தடுமாறுவதைக் கண்டுபிடித்தவர் அவரேதான். இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். போகாமல் இருந்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நீண்ட பேச்சையெல்லாம் படித்து, எந்தத் தரப்பையும் குறைக்காமல் சுருக்கி எழுதியவருக்கும் நன்றி. கைவிட்ட யோசனைகளையும் ஏன் கைவிட்டோம் என்பதையும் சேர்த்து எழுதினார் பாருங்கள், அது பெரிய வேலை. பைத்தான் நிரல்மொழியின் முன்மொழிவுகளில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. அடுத்த ஆண்டு யாராவது வந்து "ஏன் உரைக்கோப்பு இல்லை?" என்று கேட்டால், சலித்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்தைக் காட்டலாம். அந்தக் காரணங்கள் காலாவதியாகிவிட்டன என்று அவர் நிரூபித்தால், சரி, மறுபடியும் பேசலாம்.

இன்னொருவரை மறக்க முடியாது. ஒரு கட்டத்தில் சிலர் காரணத்தை விட்டுவிட்டு, "இன்னும் எத்தனை மாதம் இழுப்பீர்கள், முடியாவிட்டால் பொறுப்பை விடுங்கள்" என்று பராமரிப்பாளர் மீது பாயத் தொடங்கினார்கள். அப்போது குறுக்கே வந்து, "வடிவத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம்" என்று நிறுத்தினீர்கள். இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளைத் தனி ஆளாகக் கவனித்துவந்தவரை 2022-இல் இதே மாதிரி பொதுவிலேயே நெருக்கினார்கள். உதவ வந்தவர் போல உள்ளே நுழைந்து பொறுப்பைப் பெற்றவர், பின்னர் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், மற்றவர்களின் கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு கள்ளக்கதவு வைத்தார். தொலைவிலிருக்கும் கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான நுழைவு அரை விநாடி தாமதமாவதை ஒருவர் கவனித்துத் துருவியதால்தான் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. பேச்சு வெளிப்படையாக இருந்தால் மட்டும் நல்ல விவாதம் ஆகிவிடாது, அதை ஒழுங்கில் வைக்க யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். எங்களுக்காக அதை நீங்கள் எடுத்தீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும், சோதித்தவர்களுக்கும், ஆவணம் திருத்தியவர்களுக்கும் வழக்கம்போல மனமார்ந்த நன்றி.

பல கணினிகளில் குறிப்புகளை ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவு பற்றிய அடுத்த முன்மொழிவு இப்போது எல்லோர் பார்வைக்கும் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே குறிப்பை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் திருத்தினால் எதை வைத்துக்கொள்வது என்ற பகுதி இன்னும் பலவீனமாக இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பராமரிப்பாளர்களில் ஒருவர்