கோட்டுக்குள்ளே ஓர் அங்குலம்

ஆண்கள் உடுப்புத் துணியிலும் தைத்த கோட்டு சூட்டிலும் பெயரெடுத்த குடும்ப நிறுவனத்தின் முதலாளிமார்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டு தைக்கும் கடைக்காரர்கள் எழுதிக்கொள்வது. வணக்கம்.

நிறுவனத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், உங்கள் ஷோரூம் சீட்டோடு எங்கள் கடைப்படி ஏறுகிறவர்களுக்கும் தெரியும். அது போதும்.

ஈஸ்டர் கழிந்த வாரம் இங்கே எப்படி இருக்கும் என்று உங்கள் விற்பனைக் கணக்கே சொல்லும். தவக்காலத்தில் கோயில்களில் பெரும்பாலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அது முடிந்ததும் கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் எல்லாம் ஒரே நேரத்தில் பந்தல் போடும். இந்த முறை அந்த வாரத்தில்தான், உங்கள் கடையில் அளவு கொடுத்துத் தைத்த கோட்டும் பேண்டும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் எங்களிடம் வந்தன. "அண்ணாச்சி, நாளைக்குக் காலத்த பத்தரைக்குக் கோயில்ல கல்யாணம். இடுப்பு பூட்டல்ல. கடையில உங்ககிட்ட போவச் சொன்னாவ." உங்கள் ஊழியர் சீட்டின் பின்பக்கத்தில் எங்கள் கடைக்கு வழியே வரைந்து கொடுத்திருந்தார். நல்ல பிள்ளை, அவரைக் குறை சொல்லவில்லை.

சீட்டில் இடுப்பு 34 என்று இருந்தது. மாப்பிள்ளையை அளந்தால் முப்பத்தைந்தரை. ஒன்றரை அங்குலம் என்பது எங்கள் தொழிலில் ஒரு விஷயமே இல்லை. பின் நடுவில் இருக்கும் பெல்ட் லூப்பைக் கழற்றி, இடுப்புப் பட்டியைப் பிரித்து, பின்னால் உட்காரும் இடத்தில் ஓடும் ஆசனத் தையலைத் திறந்து, உள்ளே விட்டிருக்கும் துணியை வெளியே எடுத்துத் தைத்து, தேய்த்துக் கொடுத்தால் முக்கால் மணி நேர வேலை. அந்தப் பேண்டிலும் அப்படித்தான் பிரித்தோம். உள்ளே ஒரு சென்டிமீட்டர் துணி இருந்தது. அதன் ஓரத்தில் நூல் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல். தையல் பிடிப்பதற்குக் கொஞ்சம் விட்டது போக, பக்கத்துக்கு நாலு மில்லிமீட்டர் எடுக்கலாம். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு மில்லிமீட்டர். வேண்டியது நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. பட்டியோ பின் நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாகச் சுற்றி வந்திருந்தது. அதை வெட்டித்தான் ஆகவேண்டும், வெட்டினால் ஒட்டுப்போட அதே துணி வேண்டும்.

அதே துணி எங்கே இருக்கும்? பேண்ட் உயரத்துக்கு அடி மடித்தபோது வெட்டி எடுத்த நாலு, ஐந்து அங்குலத் துண்டுகள் இருக்கும். அதைக் கேட்டால், "அது ஃபாக்டரியிலேயே போயிருக்கும்" என்றார்கள். போயிருக்கும்தான். கடைசியில் அடிமடிப்புக்குள்ளிருந்து துணி எடுத்து, அங்கே வேறு துணியில் பட்டை கொடுத்து, பின்னால் முக்கோணமாக ஓர் ஆப்புத் துண்டு வைத்துத் தைத்தோம். இடுப்பு பூட்டியது.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கலாம் என்பதால் சொல்கிறோம். கோயில் கல்யாணத்தில் மாப்பிள்ளை சபைக்கு முதுகு காட்டித்தான் நிற்பார். பூசையோ ஆராதனையோ, ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நிற்பார், உட்காருவார், முழங்காலிடுவார். முழங்காலிடும்போது கோட்டின் பின் திறப்பு விரியும், பேண்டின் ஆசனம் இழுபடும். பின்னால் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருக்கும் இரு வீட்டுச் சனமும் பார்க்கிற இடம் அதுதான். ஆப்பு வைத்த இடமும் அதுதான். புகைப்படத்துக்கு முன்பக்கம் அழகாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: உள்ளே துணி விடுங்கள். ஓர் அங்குலம்.

எங்கே, எவ்வளவு என்றும் சொல்லிவிடுகிறோம். பேண்டின் பின் ஆசனத் தையலில், இடுப்பில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம். கீழே இறங்க இறங்கக் குறைத்து, கவட்டில் அரை அங்குலமாக முடியலாம். தையலுக்குக் கால் அங்குலம் போனாலும் மொத்தத்தில் ஒன்றரை அங்குலம் கூட்ட முடியும். மேலே சொன்ன மாப்பிள்ளைக்குச் சரியாக அவ்வளவுதான் தேவைப்பட்டது. பட்டி பின் நடுவில் இணைப்போடு இரண்டு துண்டாக வரட்டும். உள் தொடைத் தையலில் பின் பாகத்தில் முக்கால் அங்குலம். அடிமடிப்பில் இரண்டரை அங்குலம். கோட்டில் பின் நடுத் தையலிலும் பக்கத் தையலிலும் ஓர் அங்குலம், கை முனையில் ஒன்றரை. உள் லைனிங்கில் முதுகுப் பக்கம் ஒரு மடிப்பு விட்டால்தான் வெளித்துணியை எடுக்கும்போது லைனிங்கும் கூட வரும். அதை மறந்தால் வெளியே இடம் இருந்தும் உள்ளே பிடித்து இழுக்கும், முதுகில் குறுக்கே கோடு விழும்.

இதற்கு என்ன செலவு? 58 அங்குல அகலத் துணியில் சாதாரண ஆளுக்குக் கோட்டும் பேண்டும் சேர்த்து மூன்று மீட்டர். மார்பு 42-க்கு மேல் போனால் மூன்றேகாலோ மூன்றரையோ. கட்டம் போட்ட துணி என்றால் கட்டம் பொருத்த இன்னும் கால் மீட்டராவது வேண்டும். நாங்கள் மேலே சொன்ன உள்துணி அத்தனைக்கும் எங்கள் கணக்கில் நீளவாக்கில் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. மீட்டர் 800 ரூபாய்த் துணியில் 80 ரூபாய். சூட்டை மாட்டிக்கொடுக்கும் உறையும், அதில் பொன்னெழுத்தில் உங்கள் குடும்பப் பெயரும் அதைவிடக் குறைவாக முடியாது.

ரெடிமேடில் ஏன் விடுவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். துணியை அடுக்கடுக்காக விரித்து, வெவ்வேறு சைஸ் பாகங்களை இடைவெளி இல்லாமல் கோத்து, மொத்தமாக வெட்டுகிறீர்கள். ஒரு பாகத்துக்கு ஓர் அங்குலம் கூட்டினால் அந்த அமைப்பே கலையும், அடுக்குக்கு அடுக்கு துணி வீணாகும். நியாயம். ஆனால் அளவெடுத்துத் தைப்பது ஒருவருக்கு ஒரு துணி, ஒற்றை வெட்டு. அங்கே கலைவதற்கு என்ன இருக்கிறது? ரெடிமேட் பட்டறைப் பழக்கத்தை அப்படியே அளவெடுத்துத் தைக்கும் உடுப்புக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அளவே தப்பாக எடுக்காமல் இருந்தால் உள்துணி எதற்கு என்று கேட்கலாம். அளவு தப்பும். எங்களுக்கும் தப்பும். அதனால்தான் வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு ஒருமுறை ட்ரையல் பார்க்கிறோம். உங்கள் கடையில் ஜீன்ஸுக்கு மேலே, பையில் போனும் பர்ஸும் இருக்கும்போதே டேப் சுற்றுகிறார்கள். இந்த மாவட்டத்து மாப்பிள்ளைகளில் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பில் புத்தகத்தைப் பாருங்கள். ஒரு மாத லீவில் வருவார்கள். அதற்கு முன்பே பழைய பேண்டின் அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பித் தைக்கக் கொடுத்திருப்பார்கள். ஊருக்கு வந்து அம்மா கையால் இரண்டு வாரம் மீன்குழம்பு சாப்பிட்டபின் அந்த அளவு எப்படி நிற்கும்? கடற்கரை ஊர்ப் பிள்ளைகள் என்றால் இன்னொரு கணக்கு. வலை இழுத்த தோளும் முதுகும் மார்பை 42-க்குக் கொண்டுபோகும், இடுப்பு 32-லேயே இருக்கும். வித்தியாசம் 10 அங்குலம். ரெடிமேட் சூட்டு 42-க்கு வழக்கமாக 36 பேண்ட்தான் ஜோடி. உங்கள் கம்ப்யூட்டர் அந்த 36-ஐ 32 ஆக்கும்போது பக்கத்தைக் குறைக்கிறதே தவிர ஆசனத்தின் சாய்வை மாற்றுவதில்லை. அதனால் பின்னால் தொள தொள, முன்னால் பிடிப்பு.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை முனையில் நாலு பொத்தானுக்கும் உண்மையான துளை வெட்டி அனுப்புவதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துளை வெட்டிய கையை முனையில் குறைக்க முடியாது. தோளில் கையைக் கழற்றி, மேலிருந்து குறைத்து, பேடிங்கை மறுபடி வைத்து ஏற்றவேண்டும். அரை நாள் போகும். துளை வெட்டாமல் நூலால் மட்டும் துளைபோலக் கட்டி அனுப்புங்கள். வேண்டுமென்கிறவருக்குக் கடைசியில் வெட்டிக்கொடுக்கலாம்.

இனி கொஞ்சம் மனத்தாங்கல். இந்தியாவில் சூட்டிங் தொழில் பெரும்பாலும் குடும்பங்களின் தொழிலாகவே வளர்ந்தது. தாணேயில் 1925-ல் தொடங்கிய ரேமண்ட் ஆலை 1944-ல் சிங்கானியா குடும்பத்தின் கைக்கு வந்ததும், அவர்கள் 1958-ல் பம்பாயில் தங்கள் முதல் கடையைத் திறந்ததும் இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்த சரித்திரம். எந்த ஆலைத் துணியானாலும் சிற்றூர்களில் அதை விற்றது யார்? தையல்கடை மேசையில் கிடந்த மாதிரித் துணிப் புத்தகம்தான். "இது சுருங்காது, இது தேய்த்தால் பளபளக்கும், இதில் முழங்கால் புடைக்கும்" என்று வாடிக்கையாளருக்குச் சொன்னது தையல்காரர்தான். நீங்கள் பின்னால் வந்தவர்கள். வந்த வேகம் பாராட்டத்தக்கது. ஒரு துண்டுத்துணிக் கடை இத்தனை ஷோரூம் ஆனதில் எங்களுக்கும் சந்தோஷமே. இப்போது மாதிரிப் புத்தகம் எங்களுக்கு வருவதில்லை. பிரித்துத் தைக்கவேண்டிய கோட்டு மட்டும் வருகிறது.

அதோடு, பாலியஸ்டர் விஸ்கோஸ் துணிப் பெட்டியின் மேல் 'சூப்பர் 120' என்று அச்சடிப்பதையும் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாம். அந்த எண் கம்பளி இழையின் மென்மைக்கு உரியது. சூப்பர் 100 என்றால் இழையின் விட்டம் 18.75 மைக்ரான், 120 என்றால் 17.75. கம்பளியே இல்லாத துணிக்கு அந்த எண் எதை அளக்கிறது? எங்களுக்கு இதனால் வரும் கஷ்டம் வேறு. கம்பளியில் பழைய தையல் தடத்தை ஈரத்துணி போட்டு ஆவி காட்டினால் பெரும்பாலும் மறைத்துவிடலாம். பாலியஸ்டரில் வெப்பத்தில் பதிந்த மடிப்பு போகவே போகாது. பெட்டியைப் பார்த்துக் கம்பளி என்று நம்பித் தேய்க்கும் வெப்பத்தைக் கூட்டினால் துணி பளபளத்துவிடும். அந்தப் பழியும் எங்கள் தலையில்.

கோட்டின் முன்பக்கத்தில் விறைப்புக்காக உள்ளே ஒட்டும் கேன்வாஸ் குமிழி விடுவதும் அப்படியே. துணியை முதலில் ஆவியில் சுருங்கவிடாமல் ஒட்டினால், இங்கே ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் ஈரம் ஏறியபின் துணி ஒரு பக்கம் சுருங்கும், ஒட்டிய கேன்வாஸ் சுருங்காது. மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஷோரூம் ஏசிக்குள் அது தெரியாது.

1859 வரை மேலே ஒரு துணி போடும் உரிமைக்காகப் பெண்கள் போராடிய மண் இது. 1820-களிலேயே நாகர்கோவிலில் மிஷனரி குடும்பத்து மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்த ஊர். உடுப்பு என்றால் இங்கே அலட்சியம் கிடையாது. கடன் வாங்கியாவது மாப்பிள்ளைக்கு நல்ல கோட்டு எடுப்பார்கள். 2500 ரூபாய்க்கு மேற்பட்ட ரெடிமேட் உடுப்புக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். அரசாங்கத்துக்கு 18 விட முடிகிறவருக்கு, தான் காசு கொடுத்த துணியில் ஓர் அங்குலம் உள்ளே கிடைக்கக் கூடாதா?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதேதான்: உள்ளே துணி விடுங்கள். அது உடனே முடியாதென்றால், அடி வெட்டிய துண்டுகளையாவது எறியாமல், உபரிப் பொத்தான் இரண்டோடு ஒரு கவரில் போட்டுக் கோட்டின் உள்பையில் வைத்து அனுப்புங்கள். உங்கள் வெட்டு மேசைக்கு இது ஒரு வரி உத்தரவு. ஆவணி முகூர்த்தங்களுக்கு வரவேற்புக் கோட்டு தைக்கும் ஆர்டர்கள் ஆடியிலேயே வரத் தொடங்கும். அதற்குள் செய்து தந்தால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

உங்கள் மேலாளர் யாராவது நாகர்கோவில் பக்கம் வந்தால், நாங்கள் சொல்லும் பேண்டைப் பிரித்தே காட்டுகிறோம். இந்த சீசனில் வந்தவற்றில் திருப்பி வாங்காத இரண்டு இன்னும் கடையில்தான் தொங்குகின்றன.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்டத்துக் கோட்டு தையல்காரர்கள்