நள்ளிரவில் நடப்பதற்கு பாங்காக் போக வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பாங்காக் பயணக் கட்டுரையை வாசித்தேன். படங்கள் அருமை. கட்டுரையாளர் பகலெல்லாம் கோயில் பார்த்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு மேல் சைனா டவுனின் யாவராட் தெருவில் தன்னந்தனியாக நடந்தாராம். மகிழ்ச்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்மூர் வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு பெண் இப்படி நடந்துவிட முடியுமா?" என்று ஒரு கேள்வி வேறு கேட்டிருக்கிறார். அதைத் தாங்களும் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கிருந்தே வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றவள். பாங்காக்குக்கும் தனியாகப் போய் வந்தவள். பதில் சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். நடக்க முடியும், ஐயா. நடந்துகொண்டுதான் இருக்கிறோம்.

இரவு வாழ்க்கை என்று கட்டுரையாளர் எதைச் சொல்கிறாரோ தெரியவில்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஊர் தூங்கும் நேரத்தில்தான் பொழுதே தொடங்குகிறது. கூடைக்காரப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். ஏலம் முடிந்ததும் ஈரக் கையாலேயே நோட்டுகளைப் பிரித்து எண்ணிச் சுருக்குப் பையில் திணித்துக்கொண்டு, ஐஸ் தண்ணீர் சொட்டும் கூடையைத் தலைக்குத் தூக்கிவிடச் சொல்லிப் பக்கத்தில் நிற்கும் ஆளை அதட்டுவார்கள். "இந்த நேரத்தில் தனியாக வரப் பயமாக இல்லையா?" என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும். கிடைக்கிற பதிலைத் தங்கள் பத்திரிகையில் அச்சிட முடியாது.

எனக்கு பாங்காக்கில் வில்லங்கம் வந்தது இரவில் அல்ல, பட்டப்பகலில், அரண்மனை மதில் ஓரத்தில். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வழிமறித்து, "இன்று பூஜை, பிற்பகல் வரை அரண்மனை திறக்காது, வாருங்கள், துக்துக்கில் மலிவாக வேறு கோயில்கள் காட்டச் சொல்கிறேன்" என்றார். அந்த ஊரில் வழிவழியாக நடக்கும் ஏமாற்று இது. ஏறினால் நகைக்கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். சென்ட்ரல் வாசலில் ஆட்டோ பேரம் பேசி வளர்ந்தவளிடமா? ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தேன், திறந்துதான் இருந்தது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. மொட்டைமாடி மதுக்கூடத்துக்கு மட்டும் முழுப் பத்தி.

யாவராட்டைக் குறை சொல்லவில்லை. நானும் இரவில் அங்கே நடந்தேன், பயமே இல்லை. ஏன் இல்லை? கடைகள் திறந்திருக்கின்றன. நடைபாதை கொள்ளாமல் மேசைகள், எங்கு பார்த்தாலும் வெளிச்சம், 2019-இல் திறந்த வாட் மங்கோன் நிலையத்தில் நள்ளிரவு வரை ரயில். எங்கள் தெருவிலோ பத்தரை மணிக்கே டீக்கடை அடுப்பை அணைக்கச் சொல்லி ரோந்து வண்டி வந்துவிடும். எரியாத தெருவிளக்கைப் பற்றிப் புகார் கொடுத்தால், "சரிசெய்யப்பட்டது" என்று கைப்பேசிக்குத் தகவல் வருகிறது, விளக்கு வருவதில்லை. கடையையும் மூடி, விளக்கையும் அணைத்து, பஸ்ஸையும் குறைத்துவிட்டு, அப்புறம் எங்களைப் பார்த்துப் பெண்கள் நடமாட முடியுமா என்று கேட்பது என்ன நியாயம்?

தங்களுக்கு எங்கள் வடசென்னைப் பக்கம் எப்போது ஞாபகம் வரும் என்பதும் தெரியும். வெட்டு, குத்து. மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை. ஆகஸ்டில் சென்னை தினம் வந்தால் மயிலாப்பூர் தெப்பக்குளமும் ஃபில்டர் காபியும். 1639-இல் இந்த நகரம் எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்பது தாங்கள் அறியாததல்ல. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைப் பற்றி நான் எழுதிய கடிதத்தை வெட்டி வெட்டி, என் பெயரும் ஊரும் மிஞ்சும்படி வெளியிட்டீர்கள், நன்றி. 2015-இல் கோயம்பேட்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ எங்களிடம் வந்து சேர 2019 ஆயிற்று. அன்று தாங்கள் போட்ட தலைப்பு "வடசென்னைக்கு விடிவு". அதுவரை இருட்டிலா இருந்தோம்? பர்மா பஜார் பக்கம் நின்றபடியே அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் சாப்பிடும் கூட்டத்தை ஒரு மாலை வந்து பார்த்திருந்தால், தெருவோரச் சாப்பாட்டுக்காகக் கட்டுரையாளர் இவ்வளவு வியந்திருக்க மாட்டார். பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்த ருசி அது.

அது கிடக்கட்டும், பார்த்ததையாவது ஒழுங்காகப் பார்த்தாரா? வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே உள்ள ராட்சத ஊஞ்சலை, "செல்ஃபிக்கு ஏற்ற சிவப்பு வளைவு" என்று எழுதியிருக்கிறார். 1935 வரை அதில் ஊஞ்சல் ஆடினார்கள். எந்த விழாவுக்காக ஆடினார்களோ அதில் இன்றும் அரண்மனைப் பிராமணர்கள் நம் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். தமிழ்ப் பத்திரிகையில் எழுத இதைவிட வேறு என்ன வேண்டும்? சிலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துப் பெண்கள் செவ்வந்தி மாலையும் தேங்காய் பழமும் அடுக்கிய தட்டோடு வரிசையில் நின்று, தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்து எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கட்டுரையாளர் அதே சாலையில்தான் தங்கினாராம்.

நான் கேட்பது சிறிய விஷயம். சாய்ந்த நிலையிலுள்ள புத்தர் அரண்மனைக்குள் இருப்பதாகக் கட்டுரையில் வந்திருக்கிறது. அந்த 46 மீட்டர் நீளப் புத்தர் இருப்பது அரண்மனைக்குத் தெற்கே, வாட் போ கோயிலில். அதற்குத் தனி டிக்கெட். அரண்மனை வளாகத்தில் இருப்பவர் மரகத புத்தர். இதற்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் மாரியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்ணாரப்பேட்டை வரிக்குத் திருத்தம் கேட்கவில்லை, கேட்டாலும் போடமாட்டீர்கள். ஆனால் புத்தரை வரும் ஞாயிறே திருத்திவிட்டால் நல்லது. எங்கள் தெருப் பெண்கள் இருவர் அதற்கடுத்த வாரம் பாங்காக் கிளம்புகிறார்கள். தங்கள் கட்டுரையைத்தான் வெட்டிக் கைப்பையில் வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை