அரசிகள் மட்டும்தானா எகிப்து?

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்டைய எகிப்தியப் பெண்கள் என்றாலே கிளியோபாட்ரா, நெஃபர்டிட்டி என்று அரசிகளோடு நின்றுவிடுகிறோம். அரச கல்லறைகளைக் கட்டிய தொழிலாளர்களின் ஊரான தெய்ர் எல்-மதீனாவில் வாழ்ந்த நவுநக்தேயைப் பற்றியும் எழுதுங்கள். எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய அந்தத் தாய், சுமார் கி.மு. 1145இல், ஊர் மன்றத்தின் முன் தன் உயிலைச் சொன்னார். வயதான காலத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கே தன் சொத்து, கைவிட்டவர்களுக்குக் கிடையாது. நன்றாகக் கவனித்த ஒரு மகனுக்குக் கூடுதலாக ஒரு வெண்கலக் கிண்ணம்! தகப்பன் வழிப் பங்கில் அவர் யாருக்கும் குறை வைக்கவில்லை. தன்னுடையதை மட்டுமே பிரித்தார். மணமான பெண்ணுக்கும் தனிச்சொத்து இருந்த நாடு அது. பாடநூல்களில் நவுநக்தேக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை