எங்கள் டாக்டரின் இடத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் மறைந்த எங்கள் குடும்ப மருத்துவரின் கிளினிக்கை நீங்கள் ஏற்று நடத்தப்போகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். அவருடைய பரிசோதனை மேசையும், மருந்து அலமாரியும், குடும்பவாரியாகக் கட்டி அடுக்கிய கோப்புகளும் இந்நேரம் உங்கள் பொறுப்பில் வந்திருக்கும். அவர் எப்படி வைத்தியம் பார்த்தார் என்பதை மட்டும் எந்த அலமாரியிலும் வைத்துவிட்டுப் போக முடியாது. அதைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று தலைமுறையாக அவரிடம் உடம்பைக் காட்டிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன். அவரை அறிந்த மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

இரங்கல் கூட்டத்தில் பேசிய பலரும் அவரைப் பற்றி இரண்டு செய்திகளைத் தவறாமல் குறிப்பிட்டார்கள். ஒன்று, அவர் மலைகளில் ஏறியவர், கப்பலில் உலகம் சுற்றியவர், அறுபது வயதுக்குப் பிறகும் படகு வலித்தவர். மற்றொன்று, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். இரண்டும் உண்மைதான். ஆனால் சாகசத்தை அவருடைய விடுமுறைக்காலப் பொழுதுபோக்காகவும், நகைச்சுவையைப் பிறவிக் குணமாகவும் ஒதுக்கி வைத்துவிட்டு, மருத்துவத்தைத் தனியாகப் புகழ்ந்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இரண்டையும் கொண்டுதான் அவர் மருத்துவமே பார்த்தார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சிரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். என் அம்மாவுக்குச் சில வாரங்களாக உடல் அசதி இருந்தது. வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். வேறு எதற்கோ டாக்டரிடம் போனபோது, வழக்கம்போல அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி, கப்பல் மருத்துவராக இருந்த காலத்தில் புயலடித்த ஓர் இரவில் நோயாளிகளைவிடத் தாமே அதிகமாக வாந்தி எடுத்ததையும், கடைசியில் ஒரு சமையற்காரர் தமக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்ததையும் நடித்தே காட்டினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மீதியைச் சிரித்தார். எனக்கு அதில் எதுவும் தெரியவில்லை. டாக்டரின் முகம் மட்டும் மாறியது. குரலை உயர்த்தாமல், "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்டார். முன்பு ஒன்று, இப்போது மூன்று என்று அம்மா சொன்னதும் குனிந்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலை வைத்துச் சற்று நேரம் அழுத்தி எடுத்தார். விரல் பதிந்த இடம் குழிந்தது, குழிந்தபடியே இருந்தது. இதயத்தின் இறைக்கும் ஆற்றல் குறைந்து, படுத்தால் நுரையீரலிலும் நிமிர்ந்தால் காலிலும் நீர் கோத்துக்கொள்ளும் நிலை அது என்பதை அன்று மாலையே எடுத்த எக்கோ பரிசோதனை உறுதி செய்தது.

பிறகொரு நாள் அவரே இதை எனக்கு விளக்கினார். மூச்சை எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லிவிட்டால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். அதனால் நாடியைப் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நாடியையே எண்ணுவதுபோல் இருந்துகொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும் என்பது மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழைய உபாயம். நீங்களும் படித்திருப்பீர்கள். அவர் அதோடு ஒரு கதையையும் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான். கதை கேட்கிறவர் தம் உடம்பை மறந்துவிடுவார்; மறந்த உடம்பு உள்ளதை உள்ளபடி காட்டும். சிரிப்பதற்கு நிறைய மூச்சு வேண்டும், சிரிப்பை யாரும் அளந்து சிரிப்பதில்லை என்றார். அவருடைய வேடிக்கைப் பேச்சில் எப்போதும் ஒரு கண் விழித்தே இருந்தது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

குழந்தைகளிடம் அவர் நடந்துகொண்ட விதமும் இப்படித்தான். ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டு அழும் குழந்தையின் காதில் அதன் முனைகளை மெல்லப் பொருத்தி, மறுமுனையைத் தம் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "உள்ளே ஆள் இருக்கிறாரா?" என்று மிகுந்த கவலையோடு கேட்பார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தீவிரமாகத் தலையாட்டும். அதன் பிறகு முறை மாற்றிக்கொள்வதில் எந்தக் குழந்தைக்கும் ஆட்சேபணை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய கேலிக்கு ஆளானவர் எப்போதும் அவர் மட்டுமே. நோயாளியின் பருமனையோ, பயத்தையோ, அறியாமையையோ வைத்து அவர் ஒரு சொல் வேடிக்கையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிரிக்கக் கூடாத இடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் அப்பாவின் நுரையீரலில் புற்றுநோய் பரவியிருந்ததைச் சொன்ன நாளில், மேசைக்கு அந்தப்புறம் இருந்த நாற்காலியைத் தாமே தூக்கிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, அப்பா பேசும்வரை வாயைத் திறக்காமல் இருந்தார். நெடுநேரம் கழித்து அப்பாதான், "அப்படியானால் இனிமேல் நான் பல் டாக்டரிடம் போக வேண்டாம்" என்றார். டாக்டர் சிரித்தார், அப்பாவும் சிரித்தார். நோயாளியே கதவைத் திறந்த பிறகுதான் அவர் உள்ளே போனார். அதன் பின் அப்பாவின் கடைசிக் காலம் முழுவதும், வலிக்கு மருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டே போனார்.

இனி சாகசத்துக்கு வருகிறேன். எனக்கு முழங்காலில் வெட்டுப்பட்டுத் தையல் போட்டபோது அவர் சொன்ன கதை லியோனிட் ரோகோசோவைப் பற்றியது. 1961 ஏப்ரல் 30 அன்று, அண்டார்டிகாவில் 13 பேர் மட்டும் இருந்த ஒரு சோவியத் நிலையத்தில், அங்கிருந்த ஒரே மருத்துவரான அந்த 27 வயது இளைஞர், வீங்கிய தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தார். வெளியே கடும் வானிலை. உதவிக்கு யாரும் வர வழியில்லை. வயிற்றுச் சுவரை மட்டும் மரத்துப்போகச் செய்துகொண்டு, உடனிருந்த ஊழியர்கள் கண்ணாடியைப் பிடிக்க, பெரும்பாலும் விரலால் தடவிப் பார்த்தே, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சற்று ஓய்ந்து, சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அதை முடித்தார். இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பினார். இதைக் கேட்டு நான் வாய்பிளந்தபோது, எங்கள் டாக்டர் வியந்து சொன்னது வேறொன்று. தாம் மயங்கிவிட்டால் எந்த ஊசியைப் போட வேண்டும், எப்படிச் செயற்கையாக மூச்சு கொடுக்க வேண்டும் என்று, மருத்துவம் அறியாத அந்த உதவியாளர்களுக்கு ரோகோசோவ் முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருந்தார். "கத்தியை எடுப்பதற்கு முன்பு செய்த காரியத்தைப் பாருங்கள்" என்றார் டாக்டர். கதை முடிந்தபோது தையலும் முடிந்திருந்தது.

அவர் மிகவும் போற்றிய மனிதர் ஹோவர்டு சோமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் பயணத்தில் கலந்துகொண்ட பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து, நெய்யூர் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கியவர் அவர். 1924 ஜூன் 4 அன்று, ஆக்சிஜன் உருளை இல்லாமல், சக மலையேறி நார்ட்டனோடு சுமார் 8,500 மீட்டர் உயரம்வரை ஏறினார். நார்ட்டன் இன்னும் சற்று மேலே போய் 8,573 மீட்டரில் திரும்பினார். இறங்கும் வழியில், பனியில் வெந்த தொண்டையின் உட்படலம் பிய்ந்து சோமர்வெல்லின் மூச்சை அடைத்துக்கொண்டது. சாவு வந்துவிட்டது என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தி இருமியதில் அடைப்பு வெளியே வந்து விழுந்தது. இந்தக் கதையை எங்கள் டாக்டர் யாரிடம் சொல்வார் தெரியுமா? சாதாரணச் சளி பிடித்த சிறு குழந்தைக்கு இருமல் மருந்து எழுதித் தரும்படி கெஞ்சும் பெற்றோரிடம். இருமலை நிறுத்துவதில் அவருக்கு விருப்பமில்லை. அது உடம்பின் காவலாளி, குழந்தை பால் குடிக்கிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா, விலா எலும்புக்கு இடையே சதை உள்ளிழுக்கிறதா என்று பாருங்கள் என்பார். எவரெஸ்டிலிருந்து நேராகத் தொட்டிலுக்கு வந்துவிடுவார்.

அவர் தம்முடைய மலைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஒருமுறை மட்டும் விரிவாகச் சொன்னார். உச்சிக்கு ஒரு நாள் தூரம் இருக்கையில், இரவுக் கூடாரத்தில் பக்கத்தில் படுத்திருந்த தோழரின் இருமல் அவரை எழுப்பியது. காதை அவர் முதுகில் வைத்தபோது உள்ளே நீர் நுரைக்கும் ஓசை கேட்டது. கடல்மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தம் 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகிவிடுகிறது. பழகாத உடம்பை அவசரமாக மேலே கொண்டுபோனால் சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது, அதுவும் உடனே. வானம் தெளிவாக இருந்ததாம், காற்றும் இல்லையாம். விடியும்வரை காத்திராமல் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு தோழரைத் தாங்கியபடி இறங்கினார். மறுநாள் கீழ் முகாமில் அந்தத் தோழர் போர்வைக்குள்ளிருந்து கோப்பையை உயர்த்திக் காட்டும் படம்தான் கிளினிக் சுவரில் இருக்கிறது. அவர் எட்டிய உச்சிகளின் படம் ஒன்றுகூட அங்கே இல்லை. தயவுசெய்து அதைக் கழற்றிவிடாதீர்கள்.

மலையில் கற்ற இந்த நிதானத்தை நாங்கள் சிகிச்சையில் கண்டோம். 3,000 மீட்டருக்கு மேலே போனால், இரவில் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மலையேறிகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முதியவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை தொடங்கும்போது அவர் அதையே சொல்வார்: சிறிய அளவில் தொடங்கி, உடம்பு பழகும்வரை அங்கேயே தங்கி, பிறகு ஒரு படி. மாத்திரைகளைக் கூட்டியதைவிட நிறுத்தியதில்தான் அவர் அதிகம் மகிழ்ந்தார். என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாதபோது, தெரியவில்லை என்று சொல்லத் தயங்கமாட்டார். ஆனால் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். என்னென்ன நடந்தால் நடுராத்திரியானாலும் அழைக்க வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருவார். அந்தத் தாள்களில் ஒன்றிரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

அவரைக் கைராசிக்காரர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கையில் ராசி இல்லை, கோப்பில்தான் இருக்கிறது என்பார். இங்கிலாந்தின் யார்க்ஷயர் பள்ளத்தாக்குக் கிராமங்களில் வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ், யார் யாரை எந்த நாளில் சந்தித்தார்கள் என்று குறித்து வைத்தே மஞ்சள்காமாலை தொற்றியபின் வெளிப்பட எத்தனை நாளாகும் என்று கண்டறிந்ததை அவர் அடிக்கடி எடுத்துச் சொன்னார். நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஓராண்டு மட்டும் இருப்பவர்களைவிடச் சுமார் கால் பங்கு குறைவாக இருப்பதைக் கண்டார்கள். அந்தச் செய்தியை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் எங்களுக்குப் புதியவர் என்பதால் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நெடுங்காலம் இருங்கள் என்று கேட்கவே சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றப்போவதாகக் கேள்விப்பட்டேன், நல்ல காரியம். ஏற்றுகிறவர்கள் தேதி, நோய், மருந்து ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தில் இருக்கும் பென்சில் குறிகளை விட்டுவிடக்கூடும். சில பக்கங்களில் சின்னதாக ஒரு முக்கோணம் இருக்கும். என் கோப்பில் அதைப் பார்த்து, இது மலையா என்று கேட்டேன். "இல்லை, கூடாரம்" என்றார். இன்னும் முடிவுக்கு வரவில்லை, மேலே ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், இங்கே தங்கிக் கவனிக்க வேண்டும் என்று தமக்குத் தாமே இட்டுக்கொண்ட குறி அது. கவலை தீர்ந்ததும் ரப்பரால் அழித்துவிடுவார். அப்படியென்றால், அழிக்கப்படாமல் இருக்கும் ஒவ்வொரு கூடாரத்துக்கும் பின்னால் அவர் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் இருக்கிறார். அவர்களில் பலர், டாக்டரே போய்விட்டார் என்று மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடக்கூடும். வசதிப்பட்டால், கிளினிக்கைத் திறந்ததும் முதலில் அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி வரவழையுங்கள். கோப்புகளைப் புரட்டி அந்தப் பக்கங்களைத் தேடி எடுக்க ஆள் வேண்டுமென்றால், அவரிடம் நெடுங்காலம் பணியாற்றிய செவிலியர் அம்மா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய கையெழுத்தைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

தங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
கூடாரக் குறியிட்ட கோப்புக்கு உரிய ஒரு நோயாளி