அந்தப் பட்டியலில் உரிமையாளர் பெயர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மென்பொருள் வேலைக்குப் போக நினைப்பவர்கள் என்னென்ன படிக்கலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கருவிக்கு எவ்வளவு கிராக்கி, எதற்கு என்ன சம்பளம் என்று அட்டவணை போட்டே விளக்கியிருந்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் கருவிகள் யாருக்குச் சொந்தம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு, முதலில் பார்க்கவேண்டியதே அதுதான் என்று படுகிறது.

கணினி விளையாட்டு உருவாக்குபவர்களிடம் யூனிட்டி என்று, அதாவது விளையாட்டுகளைச் செய்ய உதவும் எஞ்சின் எனப்படும் மென்பொருளின் பெயரைச் சொன்னால், 2023 செப்டம்பர் ஞாபகத்துக்கு வரும். அந்த மாதம் 12-ஆம் தேதி, யூனிட்டியில் செய்த விளையாட்டு ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் வாங்கப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் என்றார்கள். ஆனாலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த விளையாட்டுகளுக்கும் 2024 ஜனவரி முதல் இது பொருந்தும் என்றதில் எல்லாரும் கொதித்துப்போனார்கள். பழைய விதிகளை நம்பி வேலையைத் தொடங்கியவர்கள் அவர்கள். ஒரே ஆள் அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் அதற்கும் கட்டணமா என்ற கேள்விக்கு நிறுவனமே முதலில் ஒன்று சொல்லி, அப்புறம் மாற்றிச் சொன்னது. பத்து நாளில் பெருமளவு பின்வாங்கினார்கள். அக்டோபரில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணத்தையே ரத்து செய்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டதே என்று கேட்பார்கள். நிறுவனத்துக்குச் சரியாகியிருக்கலாம். பாதி முடிந்த விளையாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோடோ போன்ற வேறு எஞ்சினுக்கு மாறுவதா வேண்டாமா என்று தவித்த சிறு குழுக்களுக்கு அந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? யூனிட்டிக்காக அவர்கள் கற்ற சி ஷார்ப் என்ற நிரல் மொழி எங்கேயும் உதவும். ஆனால் அந்த எடிட்டரில் வருடக்கணக்காகப் பழகிய கைப்பழக்கம் வேறு இடத்தில் அவ்வளவாகச் செல்லாது.

இணையப் பக்கங்களில் அசைபடமும் விளையாட்டும் ஓட உதவிய ஃபிளாஷின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஐபோனில் அதை ஏன் அனுமதிக்கவில்லை என்று 2010-லேயே ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிவிட்டார். அதன் உரிமையாளரான அடோபி அதை நிறுத்தியது 2020 டிசம்பர் 31-ல். பத்து வருடம் அவகாசமாவது கிடைத்தது. செயலிகளின் தரவைச் சேமித்துத் தரும் பார்ஸ் என்ற சேவையை ஃபேஸ்புக் 2013-ல் வாங்கி, 2016 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தபோது, அதை நம்பிச் செயலி செய்தவர்களுக்கு ஒரே ஒரு வருடம்தான் இருந்தது.

ஓப்பன் சோர்ஸ், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் உள்ள கருவியாகப் பார்த்துப் படித்தால் இந்தக் கவலை இல்லையே என்று தோன்றலாம். அதிலும் கொஞ்சம் பார்க்கவேண்டும். சர்வர் போன்ற கணினி வசதிகளை நிரல் எழுதியே அமைக்க உதவும் டெர்ராஃபார்ம் 2014-லிருந்து அப்படிப்பட்ட திறந்த உரிமத்தில்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் அதை உருவாக்கிய ஹாஷிகார்ப் நிறுவனம், இனி வரும் பதிப்புகளைத் தங்களுக்குப் போட்டியாகச் சேவை நடத்துபவர்கள் பயன்படுத்த முடியாதபடி உரிமத்தை மாற்றியது. வெளியிலிருந்து நிரல் எழுதிக் கொடுத்தவர்களிடம் அதற்கு இடம் தரும் ஒப்பந்தத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இது நடக்காது. அதை எழுதிய ஆயிரக்கணக்கானவர்களின் பதிப்புரிமை ஒரே இடத்தில் சேரவில்லை. யாரும் தனியாக உரிமத்தை மாற்ற வழியில்லை.

ஆனால் டெர்ராஃபார்ம் தெரிந்தவர்களின் பிழைப்பு கெடவில்லை. பழைய நிரல் பழைய உரிமத்திலேயே இருந்ததால், சில வாரங்களில் அதை எடுத்து ஓப்பன்டோஃபூ என்ற பெயரில் மற்றவர்கள் தனியாகக் கிளை பிரித்து வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அது லினக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. கற்ற மொழி அங்கேயும் அப்படியே செல்லும். ஹாஷிகார்ப்பை அப்புறம் ஐ.பி.எம். வாங்கிக்கொண்டது, அது வேறு விஷயம். நிரல் நிறுவனத்துக்கே சொந்தமான யூனிட்டியில் இப்படிக் கிளை பிரிக்க முடிந்திருக்குமா? நிறுவனம் நல்லதா கெட்டதா என்று ஆராய்வதைவிட, அது மனம் மாறினால் மற்றவர்கள் நிரலை எடுத்துக்கொண்டு போக முடியுமா என்று பார்ப்பது படிப்பவருக்கு உபயோகமானது.

தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கப் பயன்படும் எஸ்.கியூ.எல். மொழியும் ஒரு நிறுவனத்தில் பிறந்ததுதான். ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் உருவாக்கியது. 1986-ல் அமெரிக்கத் தரநிலையாகிவிட்டதால் இன்று ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்று எந்தத் தரவுத்தளத்துக்குப் போனாலும் சின்னச் சின்ன வித்தியாசங்களோடு அதே மொழிதான். முப்பது வருடம் முன்பு கற்றவர் இன்றும் உட்கார்ந்து வினவல் எழுதலாம்.

வேலை தேடும் இளைஞர், கேட்கிற கருவியைத்தானே படிக்க முடியும் என்பதும் நியாயமே. முதல் வேலைக்கு எது கிடைக்கிறதோ அதைப் படிக்கட்டும். ஆனால் சான்றிதழ்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போவது எனக்கு உவப்பாக இல்லை. இணையம் வழியே கணினி வசதியை வாடகைக்குத் தரும் கிளவுட் சேவையில் அமேசான் தரும் சான்றிதழ் மூன்று வருடம்தான் செல்லும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் சான்றிதழ்களில் அசோசியேட், எக்ஸ்பர்ட் நிலைகள் ஒரே வருடத்தில் காலாவதியாகும், புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். விற்பவரே தேர்வு வைத்து, விற்பவரே காலக்கெடுவும் போடுகிறார். அந்தத் திரையில் எந்தப் பொத்தான் எங்கே என்று தெரிந்தவர், இணையதளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் விழிப்பதை நேர்காணல்களில் பார்க்கிறேன். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் காட்டிய பட்டியல்கள் அப்படி.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது இரண்டு தகவல்களைச் சேர்த்துவிடுங்கள்: கருவி யாருக்குச் சொந்தம், அவர் கைவிட்டால் மற்றவர்கள் தொடர முடியுமா. பக்கத்தில் இடம் போதாதென்றால் சம்பளம் என்ற கட்டத்தை எடுத்துவிடலாம். இதழ் கைக்கு வருவதற்குள் அது மாறியிருக்கும்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளராக இருக்கும் உங்கள் வாசகர்