'படம்: முகநூல்' என்றால் யாருடைய படம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த இரவே ஒரே படம் பத்து முகநூல் பக்கங்களில் ஏறிவிடுகிறது. விடிந்தால் பத்திரிகையிலும் அதுதான். அடியில் 'படம்: முகநூல்' அல்லது 'நன்றி: இணையம்'. முகநூல் படம் எடுப்பதில்லை. முரசுமோட்டையிலோ ஊரியானிலோ முழங்கால் தண்ணீரில் நின்று யாரோ ஒருவர் எடுத்திருப்பார்.

"செய்திக்குப் பதிப்புரிமை கிடையாதே" என்று கேட்பவர்கள் சொல்வது பாதி சரி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அன்றாடச் செய்தியைப் பாதுகாப்பதில்லை. வான்கதவுகள் அரை அடி திறக்கப்பட்டன என்ற தகவலை எவரும் எழுதலாம். அதைப் பிராந்தியச் செய்தியாளர் எழுதிய வசனங்களும் எடுத்த படமும் அப்படியல்ல. (அவர் ஊர்ப் பெயரில் விட்ட எழுத்துப்பிழையைக்கூட அப்படியே நான்கு தளங்கள் சுமந்து திரிவதைக் கண்டால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.) படம் எடுத்த கணத்திலேயே உரிமை பிறக்கிறது; பதிவு எதுவும் தேவையில்லை. எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் அது நீடிக்கும். பெயர் போடும்படி கேட்கும் உரிமை பண உரிமையிலிருந்து வேறானது. முகநூலில் ஏற்றும்போது அந்த நிறுவனத்துக்கு ஓர் அனுமதி போகிறது, பத்திரிகைக்குப் போவதில்லை. 'நன்றி' என்று போடுவதும் அனுமதி ஆகாது.

2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த டானியல் மொரெல் அவற்றை ட்விட்டர் வழியாக வெளியிட்டார். வேறொருவர் தனது படங்கள் என்று மறுபதிவிட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அங்கிருந்து எடுத்து அந்த ஆளின் பெயரிலேயே விநியோகித்தது. 2013இல் நியூயோர்க் நடுவர்குழு ஏ.எஃப்.பி.யும் கெட்டி இமேஜஸ் என்ற பட நிறுவனமும் 12 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்த வேண்டும் என்றது. உலகப் பெரும் செய்தி நிறுவனமே முதல் பதிவைத் தேடாமல் விட்டதன் விலை அது.

எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய நட்டம் திகதி தொலைவது. எடுத்தவரின் பெயரை வெட்டும் அதே வெட்டில் எடுத்த நாளும் போய்விடுகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தின் படங்கள் பிந்திய மாரிகளில் 'சற்றுமுன்' என்று திரும்பி வருவது இப்படித்தான். குளம் உடையப்போகிறது என்ற வரி கூடவே ஒட்டிக்கொண்டால் பன்னங்கண்டியில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இரவில் வீதிக்கு வந்துவிடும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைத்துக் கேட்பதைவிடப் பகிர்வது சுலபமாக இருக்கிறது.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கும். அதனுள் இருக்கும் திகதி, கமரா, இடம் பற்றிய விபரங்களும் கழன்றுவிடும். ஸ்கிரீன்ஷொட்டில் மிஞ்சுவது ஸ்கிரீன்ஷொட் எடுத்த நேரம் மட்டுமே. ஆகவே செய்தியாளர் படத்தை 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்ப வேண்டும், மூலத்தைத் தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரு கவனம்: ஜிபிஎஸ் இயங்கியிருந்தால் எடுத்த வீட்டின் இருப்பிடமும் அந்தக் கோப்போடு போகும். ஆசிரியபீடத்துக்கு அனுப்பலாம், பொதுவில் ஏற்றுவதற்கு முன் நீக்கிவிட வேண்டும்.

ஒரு படம் இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று காட்டும் கூகுள் லென்ஸிலும் டின்ஐயிலும் (TinEye) ஆசிரியபீடம் தேடிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் மூடிய குழுக்களில் மட்டும் சுற்றிய படம் அவற்றில் அகப்படாது. இடம்வலம் மாற்றித் திருப்பிய படமும் பல வேளை தப்பிவிடும். அப்போது படத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும். பெயர்ப்பலகை எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறியிருக்கிறதா, வயல் எந்தப் பருவத்தில் நிற்கிறது? மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோக நெல் தை, மாசியில்தான் அறுவடைக்கு வரும். கார்த்திகை வெள்ளம் என்று வந்த படத்தில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தால் அது இந்தக் கார்த்திகை அல்ல. கொழும்பில் இருக்கும் பக்க வடிவமைப்பாளருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கண்டாவளை விவசாயி ஒருவருக்கு ஓர் அழைப்பு எடுத்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

முதலில் ஏற்றியவரைக் கண்டுபிடித்தால், நீங்களா எடுத்தீர்கள், எங்கே, எப்போது, அச்சில் மட்டுமா இணையத்திலும் போடலாமா என்று எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பெயர் வேண்டாம் என்பவரும் வன்னியில் உண்டு. அதற்குக் காரணம் கேட்காதீர்கள். அவர்களுக்கு 'பெயர் குறிப்பிட விரும்பாதவர்' என்று போடலாம், முகநூலின் பெயரைப் போட வேண்டியதில்லை. பழைய படத்தைத்தான் போட வேண்டியிருந்தால் 'கோப்புப் படம்' என்பதோடு மாதமும் ஆண்டும் வரட்டும்.

பிழையான படம் போய்விட்டால் இணையப் பக்கத்தில் சத்தமில்லாமல் மாற்றுவது போதாது. பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷொட் உங்கள் சின்னத்தோடு அதற்குள் குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கும். திருத்தத்தையும் அப்படியே பகிரக்கூடிய ஒரு படமாகச் செய்து, அதே முகநூல் பக்கத்தில் போடுங்கள்.

வாசகர்,
கிளிநொச்சி